திட்டுவதற்கு ஒரு டேப்லெட்

ஆங் மோ கியோ,
சிங்கப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சுந்தரேசனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. டப்ளின் குளிரில் நீ இருமாமல் தும்மாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அப்படி எழுதினால் உன் அப்பாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய், திரும்பவில்லை. நீ வந்து பார்த்துவிட்டுப் போனபோது எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார், ஸ்ட்ரோக் வாயிலிருந்த அத்தனை சொல்லையும் வாரிக்கொண்டு போய் இந்த ஊர்ப் பேச்சில் வாலாக ஒட்டிக்கொள்கிற ஒரே ஒரு ‘லா’வை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. பசித்தாலும் லா, தூக்கம் வந்தாலும் லா. நாம் பேசுவது எல்லாம் நன்றாகப் புரிகிறது, காது முன்னைவிடக் கூர்மையாகக் கேட்கிறது, அதனால்தான் இதைப் போனில் சொல்லவில்லை. அதுவும் போக, போனை எடுத்தாலே அம்மா மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படி.

முதலில் உன் அத்தான் அருண்ராஜ் செய்த காரியத்தைக் கேள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுங்கள், அதில் படம் போட்ட ஒரு செயலி இருக்கிறது, படத்தைத் தொட்டால் அவருக்குப் பதிலாக அது பேசும் என்று சொன்னாள். சொன்னதுதான் தாமதம், அத்தை, டேப்லெட் விஷயத்த என்கிட்ட விட்டுருங்க, நான் ரிசர்ச் பண்ணிட்டேன் என்று மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். என்ன ரிசர்ச் பண்ணினாரோ, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கை எப்படி இருக்கிறது, விரல் எப்படி அழுத்துகிறது என்று ஒரு நாள் பார்த்தவர் இல்லை. கம்ப்யூட்டர் கண்காட்சி ஒன்றில் வரிசையில் நின்று, எதை வாங்கினால் பயணப்பெட்டி இனாமோ அதை வாங்கிக்கொண்டு வந்தார். நம் ஆட்களுக்கு இனாம் என்று எழுதிப் போட்டால் போதும், வரிசை எதற்கு என்று கேட்காமல் போய் நிற்பார்கள். பெட்டி புக்கிட் பாத்தோக்கில் அவர் வீட்டுக்குப் போயிற்று, டேப்லெட் இங்கே வந்தது. அடேயப்பா, அதற்கு அவர் பாடிய பாட்டைக் கேட்டிருக்க வேண்டும். அப்பளம் மாதிரி மெலிசு, தங்க நிறம், பின்னால் பெரிய கேமரா, எழுதப் பென்சில், தட்டக் கீபோர்டு, இடம் எக்கச்சக்கம், மாமா இதுல ஃபோர்கேல படம் பார்க்கலாம் என்கிறார். எழுத்தே மறந்துபோன மனுஷனுக்குப் பென்சில் எதற்கு என்று கேட்டேன், அது செட்டோட வருது அத்தை என்றார். இவர் ஒரு கம்பெனியில் மேனேஜராம், அந்தக் கம்பெனியை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

வலது கை விழுந்துவிட்டதால் அப்பா இடது கை விரலால்தான் எதையும் தொட வேண்டும். அந்த விரல் சட்டென்று தொட்டுச் சட்டென்று எடுக்காது, வைத்தால் வைத்த இடத்தில் அழுந்தி நிற்கும். இந்தத் தங்க டேப்லெட்டில் அப்படிக் கொஞ்ச நேரம் அழுத்தினால் படம் எல்லாம் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்குகிறது, அடுத்த அழுத்தில் காணாமல் போகிறது. காலையில் போட்டு வைத்த செயலியை மத்தியானத்துக்குள் அவரே அறியாமல் அழித்துவிடுவார். எப்படியோ உன் அக்கா லீலா அதைச் சரிசெய்து வைத்தாள், அப்போது தொடங்கியது அடுத்த கூத்து. உள்ளே இருக்கிற படங்கள் என்ன தெரியுமா, பனிமனிதன், பர்கர், பேஸ்பால் மட்டை. ஆங் மோ கியோவில் எந்தக் கிழவன் காலையில் எழுந்ததும் எனக்குப் பனிமனிதன் வேண்டும் என்று கேட்கிறான்? பேசுகிற குரலும் ஒரு வெள்ளைக்காரியின் குரல். தமிழுக்கு மாற்றினால் செய்தி வாசிக்கிற பெண்மணி மாதிரி, நான் கழிவறைக்குச் செல்ல விரும்புகிறேன் என்கிறது. அவசரத்துக்கு ஓடுகிற மனுஷன் இவ்வளவு விரும்பிக்கொண்டா போவார்? அப்பா அதை ஒரு பார்வை பார்த்தார் பார், முன்பு பஸ்ஸில் டிக்கெட் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு இடது கையால் மெதுவாகத் தள்ளித் தள்ளி மேஜை விளிம்பு தாண்டிக் கீழே விழ வைத்தார். உடையவில்லை, மேல் ஓரம் மட்டும் நசுங்கியது. இப்போது அது புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது, மாப்பிள்ளை ராத்திரி சாப்பிட்டபடி படம் பார்க்கிறார், அவருடைய தேவைக்கு ரொம்பப் பொருத்தமான சாமான்.

இவர்கள் எல்லாரும் சேர்ந்து அப்பாவுக்கு என்ன தேவை என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள் தெரியுமா, தண்ணீர், சோறு, கழிவறை, வலி. அதற்கு எதற்கடா கம்ப்யூட்டர், அதெல்லாம் அவர் கையை நீட்டினாலே எனக்குத் தெரிகிறதே. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு மனுஷனுக்குத் தாகம் எடுப்பதுகூடவா தெரியாது? எனக்கு உண்மை புரிந்தது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது. மாப்பிள்ளை மீன்தலைக் கறியைப் பிசைந்தபடி தன் பதவி உயர்வுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் இல்லாட்டி அந்த டிபார்ட்மென்ட்டே இல்ல, பாஸே என்கிட்ட வந்து சாரி சொன்னாரு என்று அளக்கிறார். உன் அப்பாவிடம் பழைய வாய் இருந்திருந்தால் ஒரே வரியில் அந்த மனுஷன் பிசைந்த சோற்றை விழுங்க முடியாமல் பண்ணியிருப்பார். எனக்கே கை பரபரத்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், முகம் சிவந்தது, வாயைத் திறந்தார், லா என்று வந்தது. உடனே மாப்பிள்ளை, பாருங்க, மாமாவே ஆமாங்கிறாரு லா என்று சிரித்தார். லீலாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது சுந்தரேசா, ஸ்ட்ரோக் வந்து விழுந்தபோதுகூட அழாத மனுஷன். திட்ட வந்தவர் வாயை ஆமாம் போட வைத்து எடுத்துக்கொண்டார்கள். உன் அப்பா என்ன, ஊருக்கு உபதேசம் பண்ணிப் பிழைத்தவரா? குறை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அந்தத் திட்டு இல்லாவிட்டால் சக்கர நாற்காலியில் இருப்பவர் உன் அப்பா வேலாயுதமே இல்லை, யாரோ ஒரு சாதுக் கிழவர், எல்லாரும் வந்து தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த வாரமே அவரை நாற்காலியோடு எம்ஆர்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு நானே கடை கடையாகப் போனேன். நகரத்தில் ஒரு பெரிய கடை, உள்ளே நுழைந்தால் கோயில் மாதிரி வெளிச்சம், மரமேஜையில் வரிசையாக வைத்துப் பூஜை பண்ணுகிறார்கள். ஒரு பையன் வந்து ஆன்ட்டி எதற்கு வேண்டும், படம் பார்க்கவா, வரையவா, வீடியோ கால் பேசவா என்று ஆங்கிலத்தில் கேட்டான். திட்டுவதற்கு என்றேன். சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அதே மூன்றையும் கேட்டான். இன்னொரு கடையில் ஒருவன் எத்தனை ஜிபி, எத்தனை கோர் என்று மளிகைச் சிட்டை மாதிரி வாசித்தான், இது எவ்வளவு சத்தமாகக் கத்தும் என்று கேட்டேன், அதற்குத் தனியாக ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்கிறான். விரலை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் நடுங்காமல் இருக்குமா, விரலை எடுத்த பிறகு பேச வைக்க முடியுமா, சாய்த்து நிறுத்தினால் நிற்குமா, விழுந்தால் பிழைக்குமா, என் கேள்வி இவ்வளவுதான், ஒருத்தனுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, இந்த மாடல்தான் ஆன்ட்டி இப்ப எல்லாரும் வாங்குறாங்க என்கிறார்கள். எல்லாரும் வாங்கினால் எனக்கென்ன, எல்லாருக்குமா பேச்சு போயிருக்கிறது?

கடைசியில் தேக்காவில் ஒரு சந்துக் கடை, போன் உறையும் சார்ஜரும் தொங்கவிட்ட கடை. மூலையில் சின்னப் பிள்ளைகளுக்கான டேப்லெட் ஒன்று கிடந்தது, சுற்றிலும் தடியான பச்சை ரப்பர், தூக்கிப் பிடிக்கக் கைப்பிடி, பின்னால் மடக்கி நிறுத்தக் கால், முகத்துக்கு நேராக இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். அக்கா, அது கிட்ஸோடது, சாருக்கு நல்லா இருக்காது லா, பிரீமியமா ஒண்ணு காட்டுறேன் என்று கடைக்காரர் மூஞ்சியைச் சுளித்தார். சாருக்கு எது நல்லா இருக்கும்னு சாரே சொல்லட்டும் என்று அதை அப்பா மடியில் வைத்தேன். விரலை யானைப் படத்தில் வைத்தார், வைத்தது வைத்தபடி அழுத்திக்கொண்டே இருந்தார், படம் நடுங்கவில்லை. விரலை எடுத்ததும் யானை பிளிறிய சத்தத்தில் வெளியே மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா சிரித்தார். எத்தனை மாதம் கழித்து! பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன், கடைக்காரருக்கு நான் ஒரு ஏமாளி, இருந்துவிட்டுப் போகிறேன்.

இன்னொரு செயலியை லீலாவை விட்டுப் போடச் சொன்னேன், அதில் நாமே பெரிய பெரிய பட்டன் வைத்து நம் குரலையே பதிந்து வைக்கலாம். வெள்ளைக்காரியும் வேண்டாம், செய்தி வாசிக்கிறவளும் வேண்டாம் என்று நானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசிப் பதிந்தேன். அப்பா வழக்கமாகச் சொல்வதுதான், இது சாம்பாரா, பாத்திரம் கழுவுன தண்ணியா. அந்த டிவியில கத்துறவன நிறுத்துங்க, நாடு தாங்காது. மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு பட்டன், யப்பா, உன்ன எவன்யா மேனேஜராக்கினான். சந்தோஷமாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். சாம்பாரை அழுத்தினார், சத்தமாக வந்தது, உதட்டோரம் சிரிப்பும் வந்தது. மறுபடி அழுத்தினார். மாப்பிள்ளை பட்டனை அழுத்தினார். பிறகு விரலை எடுத்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். கோபமாகத் தள்ளிவிடவில்லை, மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு முதலில் எரிச்சல்தான், இவ்வளவு பாடுபட்டவளுக்கு இதுதானா மரியாதை என்று. அப்புறம்தான் உறைத்தது. என் குரலில் வந்தால் அது நான் திட்டுவதுதானே, அவருக்கு அதில் என்ன? அவர் வாயை ஏற்கெனவே மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார், இப்போது நானும் எடுத்துக்கொண்டேன். அவர் திட்ட வேண்டுமானால் அவர் குரல் வேண்டும்.

குரல் இருக்கிறதே, அவருடைய போனில்தான் கொட்டிக் கிடக்குமே என்று நினைத்தேன். அப்பாவுக்கு மெசேஜ் தட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார், எதையும் பேசித்தான் அனுப்புவார். அலமாரி, இழுப்பறை, மருந்துப்பெட்டி எல்லாம் தேடினேன், போனைக் காணோம். லீலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மெல்லச் சொல்கிறாள், அம்மா, அது அந்த டேப்லெட் வாங்குறப்ப அவரு டிரேட்-இன் பண்ணிட்டாரு, அப்பாவுக்கு இனிமே எதுக்கு போனுன்னு. பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பார்களாம், கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எல்லாம் சுத்தமாகத் துடைத்துக் கொடுக்க வேண்டுமாம், மாப்பிள்ளை பொறுப்பாகத் துடைத்தும் கொடுத்திருக்கிறார். கேட்டாயா? அப்பாவைப் பேச வைக்க ஒரு சாமான் வாங்குவதற்காக அப்பாவின் குரலைக் கொண்டுபோய்த் தள்ளுபடிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அத்தை, அதுல ஒண்ணுமே முக்கியமா இல்ல, வெறும் வாய்ஸ் மெசேஜ்தான் என்கிறார். வெறும் வாய்ஸ் மெசேஜாம்! தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தேன். வேறு எங்கேயும் இல்லையா என்று பார்த்தால் இல்லை. போனில் இருக்கிற குடும்பக் குழுவில் நாள் தவறாமல் பூப்படமும் காலை வணக்கமும் போடுகிறார்கள் என்று எரிந்து விழுந்து அப்பா என்றைக்கோ வெளியேறிவிட்டார். என் போனுக்கு அவர் அனுப்பியதே இல்லை, என்னை நேரிலேயே திட்டலாமே, எதற்கு மெசேஜ். லீலாவின் கல்யாண வீடியோவில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே வாய் அசைகிறது, அவ்வளவுதான்.

அவர் பேசி அனுப்பியதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சுந்தரேசா, உனக்கு. தினமும் விடிந்ததும் கீழே காப்பிக்கடைக்குப் போய் பால் ஊற்றாத கோப்பி ஓவை வாங்கி வைத்துக்கொண்டு போனை வாய்க்கு நேராகப் பிடிப்பார். அங்கே அப்போது ராத்திரி என்பது அவருக்கு என்றைக்கும் ஞாபகம் இருந்ததில்லை. உன் தாடியைத் திட்டுவார், நீ கொடுக்கிற வாடகையைத் திட்டுவார், டப்ளின் மழையைத் திட்டுவார், தீபாவளிக்கு வராததைத் திட்டுவார். பக்கத்து மேஜை ஆட்கள் எல்லாருக்கும் உன் குடும்ப விவரம் அத்துப்படி. நீ இங்கே வந்திருந்தபோது சமையலறையில் உன் அக்காவிடம் சொன்னாயே, அவரு அனுப்புனத நான் தொறந்ததே இல்லக்கா, தொறந்தா திட்டுதான், அதுக்கெல்லாம் யாருக்கு நேரம் என்று, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், செவிடு இல்லை. பெரிய துரை நீ. மாப்பிள்ளையாவது அந்நியன், போனைத் துடைத்தான். நீ துடைக்காமலே துடைத்துவிட்டாய். நீ திறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், போனிலேயே காட்டுமாமே. எதுக்கு இப்புடி சுவத்துக்குப் பேசுறீங்க, விட்டுத் தொலைங்க என்று நான்கூட ஒருமுறை கத்தினேன். கேக்குறப்ப கேக்கட்டும் லா, எனக்கென்ன அவசரம் என்றார்.

அதனால் இப்போது நான் கேட்பதைச் செய். உன் போனில் இருக்கிற அத்தனையையும் எனக்கு அனுப்பு. பொறுக்கி எடுத்து நல்லதாக நாலு அனுப்புகிற வேலை வேண்டாம், உன்னைத் திட்டியதையும் அனுப்பு, அத்தானைத் திட்டியதை இரண்டு தடவை அனுப்பு. இருமியதுகூட இருக்கட்டும், வெட்டாதே. லீலா அதிலிருந்து பட்டன் செய்து தருகிறேன் என்றிருக்கிறாள், புருஷன் செய்ததற்குப் பிராயச்சித்தமாக இருக்கட்டும். அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே, சொன்னால் நீ என் பிள்ளை இல்லை என்று எழுதமாட்டேன், ஆனால் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியையே தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, கம்பளி உள்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போ. மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், உன் பெயருக்குச் சைனாடவுன் கோயிலில் அர்ச்சனை செய்தேன், அங்கேயும் பச்சை ரப்பரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார் உன் அப்பா. யானையைத்தான் அழுத்துகிறார், இப்போதைக்கு அதுதானே இருக்கிறது.

ஒன்றே ஒன்று. அவர் விழுந்த அன்றைக்கும் காலையில் காப்பிக்கடையிலிருந்து உனக்குப் பேசி அனுப்பிவிட்டுத்தான் மேலே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே விழுந்துவிட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, அவரால் சொல்லவும் முடியாது. உன் அப்பா இந்த உலகத்தில் கடைசியாக முழுசாகப் பேசியது அதுதான், அதை இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை. திட்டாகத்தான் இருக்கும். இருந்தால் என்ன, நடுவில் இருக்கிற பெரிய பட்டனை அதற்குத்தான் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். ஆனால் கேட்காமல் அனுப்பாதே, முதலில் நீ கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பூவம்மா வேலாயுதம்.